தரங்கம்பாடிக்கு வந்த இளைஞரின் ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தரங்கம்பாடி பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். டென்மார்க் அரசர் அனுப்பி வைத்த ஜெர்மன் மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்கு, 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கினார் என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை அவர் அச்சிட்ட புத்தகங்களைப் பற்றியவை அல்ல. அந்த ஆள் இங்கே எப்படிப் பொழுதைக் கழித்தார், யாரோடு பேசினார், எப்படிச் சமாளித்தார் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் பிடித்த பகுதி.

படங்களில் விக்கும் அங்கியுமாகப் பெரிய மனிதர் போல இருக்கிறாரே, வரும்போது அவருக்கு என்ன வயது? — மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி

23 வயது. கரையிறங்கிய மறுநாள்தான் 24 பிறக்கிறது (பிறந்தது 1682 ஜூலை 10, ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில்). கூட வந்த ஹைன்ரிக் புளூட்சோ அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அவருக்கும் முப்பதைத் தாண்டவில்லை. நம் வீட்டில் கல்லூரி முடித்துவிட்டு முதல் வேலைக்கு வெளியூர் போகிற பிள்ளைகளின் வயது.

சீகன்பால்கு சின்ன வயதிலேயே அம்மா அப்பா இருவரையும் இழந்தவர். உடம்பும் எப்போதும் படுத்திக்கொண்டே இருக்கும், ஹாலே நகரில் பிரான்கே என்ற பெரியவரிடம் படிக்கப் போனவர் உடல்நிலையால் படிப்பையே பாதியில் விட வேண்டி வந்தது. அந்தச் சமயத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் வெளிநாட்டுக்கு மிஷனரி அனுப்ப ஆள் தேடினார், டென்மார்க்கில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியில் தேடச் சொன்னார். முதலில் ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது, கடைசியில் தரங்கம்பாடி என்று முடிவானது. ஆக, நம்முடைய ஊரையோ தமிழையோ நினைத்துக்கொண்டு அவர் கிளம்பவில்லை. எங்கே அனுப்பினாலும் போவது என்று கிளம்பியவர்.

1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் கொடுத்தார்கள், அந்த மாதக் கடைசியிலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஏழு மாதத்துக்கு மேல் பயணம்.

அரசரே அனுப்பிய ஆள் என்றால் மேளதாளத்தோடு வரவேற்றிருப்பார்களே? — நாகப்பட்டினம்

நேர் எதிர். தரங்கம்பாடி அப்போது டேனிஷ் வணிகக் கம்பெனியின் கையில் இருந்தது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு 1620-ல் ஒப்பந்தம் போட்டு வாங்கிய இடம், இப்போதும் கடற்கரையில் நிற்கிறதே டேனிஷ் கோட்டை, அது அந்த ஆண்டு தொடங்கியது. கம்பெனிக்கு வேண்டியது மிளகும் துணியும். மதப் பிரசாரகர்கள் வந்து உள்ளூர்க்காரர்களைச் சீண்டினால் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கவலை. அரசர் ஒரு கையால் அனுப்பினார், கம்பெனி மறு கையால் தடுத்தது.

கோட்டைத் தலைவர் ஹாசியஸ் என்பவர். கரைக்கு வந்த இரண்டு பேரையும் ஊர் வாசலுக்கு வெளியிலேயே பல மணி நேரம் காக்க வைத்தார். பிற்பகலில் வந்து, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு, கடைத்தெரு வரை கூட்டிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பொழுது சாயும்வரை தெருவில் நின்றார்கள். அப்புறம் கம்பெனி ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டுத் தங்க இடம் காட்டினார். ஏழு மாதம் கடலில் ஆடிவிட்டு வந்து, ஜூலை மாதத்து வெயிலில், மொழி தெரியாத தெருவில், யாரும் வா என்று சொல்லாமல் நின்றால் எப்படி இருந்திருக்கும்? வெளிநாட்டுக்குப் போய் முதல் நாள் ராத்திரி தங்க இடமில்லாமல் தவித்த யாருக்கும் இது சொல்லாமலே புரியும்.

எட்டு மாதத்தில் தமிழ் பேசினார் என்கிறார்களே, நம்பலாமா? யார் கற்றுக்கொடுத்தது? — மதுரையிலிருந்து ஒரு தமிழாசிரியர்

நம்பலாம் ஐயா. ஆனால் அதில் பாதிப் பெருமை கற்றுக்கொடுத்தவர்களுக்குப் போக வேண்டும், அதைத்தான் நம் புத்தகங்களில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் கடற்கரை ஊர்களில் ஐரோப்பியர்கள் உள்ளூர்க்காரர்களோடு பேசியது போர்ச்சுகீசிய மொழியில், அதுவும் கொச்சையாக. வந்தவர்களும் முதலில் அதைத்தான் படிக்க ஆரம்பித்தார்கள். சீக்கிரமே அது போதாது என்று தெரிந்துவிட்டது, கோட்டையைச் சுற்றி வேலை பார்ப்பவர்களைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் தமிழ் வேண்டும். அதனால் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். புளூட்சோ போர்ச்சுகீசியத்தைப் பார்த்துக்கொண்டார், சீகன்பால்கு தமிழில் இறங்கினார்.

சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லை, அகராதி கையில் இல்லை. என்ன செய்தார் என்றால், ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திவந்த எழுபது வயது உபாத்தியாயரைப் பார்த்து, உங்கள் பள்ளிக்கூடத்தை எங்கள் வீட்டிலேயே நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். சம்பளம் பேசி முடித்தார்கள். பிள்ளைகள் வந்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள், இவரும் அவர்களோடு கால் மடக்கி உட்கார்ந்தார். மணலைப் பரப்பி, விரலால் அ, ஆ என்று எழுதி, அதையே உரக்கச் சொல்லி, அழித்து, மறுபடி எழுதுவது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் கூட்டமாக ராகம் போட்டுச் சொல்ல, நடுவில் இந்த வெள்ளைக்காரரும் சேர்ந்து சொல்லியிருக்கிறார். அரசரின் முத்திரை போட்ட கடிதத்தோடு வந்தவர், தரையில் உட்கார அவருக்குத் தயக்கமில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. உபாத்தியாயருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. எழுத்தும் உச்சரிப்பும் வந்துவிட்டது, எழுதியதை வாசிக்கவும் முடிந்தது, அர்த்தம் மட்டும் தெரியவில்லை! அப்போதுதான் அழகப்பன் வருகிறார். மிஷன் கடிதங்களில் ‘அலெப்பா’ என்று எழுதியிருப்பார்கள். கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர், போர்ச்சுகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் தெரிந்தவர். சொல்லுக்குப் பொருள், வாக்கியத்துக்கு விளக்கம், எதை யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பது வரை அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

இன்னொரு உதவியும் கிடைத்தது. அதற்கு முந்தைய 150 ஆண்டுகளில் இந்தக் கரையில் வேலை செய்த கத்தோலிக்கக் குருமார் தமிழில் எழுதி வைத்திருந்த புத்தகங்கள். கிறிஸ்தவ விஷயங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு அவை பழகிய பாதையாக இருந்தன. (இந்தச் சமயத்தில் ஒன்று: தமிழில் முதலில் அச்சிட்டவர் சீகன்பால்கு என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள், அது சரியில்லை. கொல்லத்தில் 1578-லேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. இவர் அச்சிட்டது முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு.)

காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை என்ன செய்வார்? நாள் முழுக்கத் தெருவில் பிரசங்கமா? — சென்னை, திருச்சி, பாளையங்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து

இதற்கு அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஊருக்கு எழுதியதில், மணிக்கணக்காகத் தன் நாளைச் சொல்கிறார். படித்தால் பிரசங்கியின் நாள் போலவே இருக்காது, தேர்வுக்குப் படிக்கிற பையனின் நாள் போல இருக்கும்.

காலை ஜெபம் முடிந்து 6 மணியிலிருந்து 7 வரை வீட்டில் இருப்பவர்களுக்கு லூத்தரின் ஞானோபதேசத்தை (கேள்வி பதிலாகக் கிறிஸ்தவப் பாடம் சொல்லும் சிறு நூல்) விளக்குவார். 7 முதல் 8 வரை, முன்பு குறித்து வைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 மணியிலிருந்து நண்பகல் 12 வரை, நான்கு மணி நேரம், இதுவரை படிக்காத தமிழ் நூல்கள் மட்டும். பக்கத்தில் வயதான புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார்கள். புலவர் செய்யுளுக்குப் பொருள் சொல்ல வேண்டும், புதுச்சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

12 முதல் 1 வரை சாப்பாடு, அப்போதும் யாராவது ஒருவர் வேதம் வாசித்துக்கொண்டிருப்பார். 1 முதல் 2 வரை ஓய்வு, வெயிலுக்கு. இந்த ஒரு மணி நேரத்தை அவர் ஒருநாளும் விட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், சித்திரை மாதத்தில் தரங்கம்பாடியில் மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். 2 முதல் 3 வரை மறுபடி உபதேச வகுப்பு. 3 முதல் 5 வரை மறுபடியும் தமிழ் நூல்கள். 5 மணிக்கு ஜெபக்கூட்டம். 6 மணிக்குப் புளூட்சோவோடு உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது.

இதற்குப் பிறகு வருகிற 7 முதல் 8 வரையான நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். விளக்கு வெளிச்சத்தில் படித்தால் கண்ணுக்கு ஆகாது என்று அவர் அந்த நேரத்தில் தானே படிப்பதில்லை. தமிழர் ஒருவர் ஏட்டைப் பிடித்து வாசிப்பார், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சிலும் எழுத்திலும் யாருடைய நடையைப் பின்பற்றலாம் என்று நினைத்தாரோ அவர்களுடைய நூல்களாகப் பார்த்து வாசிக்கச் சொல்வார். ஒரே நூலை நூறு தடவைகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம், அதில் தெரியாத சொல்லோ பிடிபடாத தொடரோ ஒன்றுகூட மிச்சமில்லை என்கிற வரைக்கும். நூறு தடவை கேட்டவரை எல்லோரும் பாராட்டுகிறோம், நூறு தடவை வாசித்த ஆளின் பெயர் நமக்கு வரவில்லை. ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றிய அந்த விளக்கில், கண்ணை இடுக்கிக்கொண்டு, சலிக்காமல் வாசித்திருக்கிறார் அந்த மனிதர்.

கூட்டிப் பாருங்கள். ஏழு எட்டு மணி நேரம் தமிழ். உபதேசம் இரண்டு மணி நேரம். வெளியே போய்ப் பேசியதும் உண்டு, பக்கத்துக் கிராமங்கள், சத்திரங்கள் என்று போய் உட்கார்ந்து பிராமணர்களோடும் மற்றவர்களோடும் மணிக்கணக்கில் வாதம் செய்திருக்கிறார், அந்த உரையாடல்களை எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் தினசரி வாழ்க்கையின் முதுகெலும்பு வீட்டுக்குள்ளே நடந்த இந்தப் படிப்புதான்.

என்னென்ன படித்தார்? திருக்குறள் தெரியுமா அவருக்கு? — ஈரோடு

தெரியும். 1708-லேயே தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார், நூற்றுக்கு மேல் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு. திருக்குறள், தொல்காப்பியம் எல்லாம் அதில் வருகின்றன. அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். சுவடிகளை எப்படிச் சேர்த்தார் என்பதையும் சொல்லியிருக்கிறார்: எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி, கணவர் இறந்துபோன பிராமணக் குடும்பங்களில் பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கினார்களாம். இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். இல்லாத குடும்பம், வாசிக்க ஆளில்லாத ஏடு, கிடைத்த விலைக்குப் போயிருக்கிறது.

சம்பளம் யார் கொடுத்தார்கள்? வசதியாக இருந்தாரா? — சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அரசர் ஏற்பாடு செய்த உதவித்தொகை உண்டு. ஆனால் கப்பல் வந்தால்தான் பணம், கடிதமும் அப்படித்தான். எழுதிய கடிதம் போய்ச்சேர ஏழெட்டு மாதம், பதில் வர இன்னொரு ஏழெட்டு மாதம், நடுவில் காற்று மாறினால் அதற்கும் மேலே. வந்த பணத்தில் உபாத்தியாயர், எழுத்தர், பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாடு, துணி எல்லாம் போக வேண்டும். 1708-ல் ஐரோப்பாவிலிருந்து அவர்களுக்கு அனுப்பிய பெருந்தொகை, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது கடலுக்குள் போய்விட்டது. அலையில் படகை இறக்குவது இந்தக் கரையில் எவ்வளவு கஷ்டம் என்பது மீனவர்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்கியிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சிறையில் இருந்தார் என்பது உண்மையா? — கடலூர்

உண்மை. 1708 நவம்பர் 19 அன்று கைது செய்தார்கள். ஓர் ஏழை விதவையின் பண விவகாரத்தில் அவர் பக்கம் பேசியதும், அதையொட்டிக் கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட மோதலும் காரணம். நான்கு மாதம் டேனிஷ் கோட்டைக்குள் அடைத்து வைத்தார்கள். எழுதுகோலும் மையும்கூடக் கொடுக்கவில்லை, எழுதிக்கொண்டே வாழ்ந்தவருக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்திருக்கும். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னால்தான், அக்டோபர் 17-ல், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கம் செய்ய ஆரம்பித்திருந்தார். வெளியே வந்து தொடர்ந்து, 1711 மார்ச் 31-ல் முடித்தார்.

அழகப்பனுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவரை ஊரை விட்டே துரத்தினார்கள். தஞ்சாவூர் அரசின் எல்லைக்குள் போனார், அங்கே அவரைப் பிடித்து, நம் மத ரகசியங்களை எல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்று சிறையில் போட்டார்கள். இரண்டு பக்கமும் அடி. சீகன்பால்குவுக்காவது கோபன்ஹேகனில் அரசர், ஹாலேயில் பிரான்கே என்று பேச ஆள் இருந்தது. அழகப்பனுக்கு யார் இருந்தார்கள்? இருந்தும் பிற்பாடு மிஷன் வேலைக்கு மறுபடி வந்தார். 1712 முதல் 1714 வரை ஜெர்மானியர்களின் கேள்விகளுக்குத் தமிழர்கள் பதில் எழுதிய கடிதங்கள் மொழிபெயர்ந்து ஐரோப்பாவில் அச்சாயின. கல்யாணம், சாப்பாடு, சாமி, வைத்தியம் என்று எல்லாவற்றையும் பற்றிய கடிதங்கள். அவற்றில் பெரும்பாலானவை அழகப்பன் எழுதியவை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தரங்கம்பாடியில் அவருக்கும் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மதம் மாற்ற வந்தவரை இப்படிப் பாராட்டுகிறீர்களே? — கோவையிலிருந்து ஒரு வாசகர்

நேராகக் கேட்டதற்கு நன்றி, நேராகவே சொல்கிறேன். ஆமாம், அதற்காகத்தான் வந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. நம் கோயில்களைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் அவர் எழுதிய சில வரிகள் இன்றைக்குப் படித்தாலும் சுடும். குடும்பங்களுக்குள் பெரிய வருத்தங்களும் வந்தன. அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த எழுபது வயது உபாத்தியாயரின் மகன், கணபதி வாத்தியார் என்ற இளம் கவிஞர், ஞானஸ்நானம் பெற்றபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு. பெரியவர் அதை எப்படித் தாங்கினாரோ. இன்னொரு பக்கம், 1707 மே மாதம் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படிக்க வைத்தவர்கள் அந்த ஊரில் அதற்கு முன் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

நான் பாராட்டுவது அவர் மாறியதை. தமிழர்களை அறிவில்லாத காட்டு மக்கள் என்று நினைத்து வந்த ஐரோப்பியர்களில் அவரும் ஒருவர். நம் நூல்களைப் படிக்கப் படிக்க, இவர்களுடைய ஒழுக்க நூல்களும் அறிவும் எங்களுக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்று ஊருக்கே எழுத ஆரம்பித்தார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார், ஐயனார், மாரியம்மன் வரை எல்லாரும் அதில் உண்டு. பிரான்கேக்குக் கோபம். புறசமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்கிற பொருளில் பேசிவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். அது அச்சேற 1867 ஆகிவிட்டது, அதுவும் நம் சென்னையில். தான் யாரை மாற்ற வந்தாரோ அவர்களிடம் படித்து, அதைத் தன்னை அனுப்பியவர்களிடமே எழுதிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும் இல்லையா? அவருடைய மதத்தை நீங்கள் ஏற்க வேண்டாம், இதை மட்டும் பாருங்கள் என்கிறேன்.

கல்யாணம் செய்துகொண்டாரா? — பெயர் வேண்டாம் என்ற வாசகி

1714-ல் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கே மரியா டொரத்தியா சால்ஸ்மன் என்ற பெண்ணை மணந்து, 1716-ல் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார், ஹாலேயில் இருந்து தமிழ் வேலைகளுக்கு உதவினார். எட்டு வருடத்துக்கு முன்னால் சீகன்பால்கு இங்கே தெருவில் நின்றது போல மலையப்பன் அங்கே பனியில் நின்றிருப்பார். அவர் என்ன சாப்பிட்டார், குளிரை எப்படித் தாங்கினார், யாரிடம் மனம் விட்டுத் தமிழில் பேசினார்? எனக்கு இந்தக் கேள்விகள் விடாமல் வரும். சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் 1716-ல் ஹாலேயில் அச்சானது.

என் அண்ணன் மகள் 22 வயது, சபை வழியாகக் கம்போடியாவுக்கு இரண்டு வருட ஊழியத்துக்குப் போகிறாள். சீகன்பால்குவிடமிருந்து அவளுக்கு ஏதாவது சொல்லுங்களேன். — திருநெல்வேலி

மொழியைத் தவணை முறையில் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் ஆறு மாதத்தில் வேறு எந்த வேலை கொடுத்தாலும், காலை நேரத்தைக் கெமர் மொழிக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். காலையில் படித்தது மாலையில் சந்தையில் உதவும். வகுப்பறை ஆசிரியர் ஒருவர், பேச்சுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், இரண்டு பேர் வேண்டும். சீகன்பால்குவுக்கு உபாத்தியாயரும் அழகப்பனும் இருந்த மாதிரி. சொல்லிக்கொடுப்பவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும், அன்புக்குச் செய்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. சபைக்கு அறிக்கை எழுதும்போது, அவர்கள் சம்மதித்தால், பெயரோடு எழுதட்டும். அவள் திரும்பி வந்த பிறகும் அங்கேயே வாழப்போகிறவர்கள் அவர்கள்தான், ஆகவே தன்னோடு பழகுவதால் அவர்களுக்கு ஊரில் என்ன தொந்தரவு வரும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்புறம், மத்தியான ஓய்வை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊர் வெயிலும் நம்மூர் வெயில் மாதிரிதான். மாலையில் ஒரு மணி நேரம் கூட வேலை செய்பவரோடு உட்கார்ந்து அன்றைய நாளைப் பேசிவிட வேண்டும், மனதில் வைத்துக்கொண்டு தூங்கப் போகக் கூடாது. உடம்பைக் கவனிக்காமல் இழுத்துப் பிடித்து உழைத்தவர் சீகன்பால்கு, 1719 பிப்ரவரி 23-ல் இறந்தபோது 36 வயதுதான். பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரைதான் தமிழாக்க முடிந்தது. உங்கள் அண்ணன் மகள் நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பி வரட்டும், முடிந்தால் அங்கிருந்து நமக்கும் எழுதட்டும்.

தரங்கம்பாடிக்குப் போனால் எதைப் பார்ப்பது? — கும்பகோணம்

ராஜவீதியில் புதிய எருசலேம் ஆலயம், 1718-ல் அவர் காலத்திலேயே கட்டி முடித்தது. அவருடைய கல்லறை உள்ளேயே இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டை, உள்ளே சிறிய அருங்காட்சியகம். காலையிலேயே போய்விடுங்கள். 12 மணிக்கு மேல் அந்தத் தெருவில் நிழல் கிடையாது.